நிறம் போன தண்ணீர்

முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். ஆற்றுத் தண்ணீரை அசுத்தம் செய்ததற்காக நான் கட்டவேண்டிய அபராதம். கட்டாவிட்டால் ஆறு மாதம் உள்ளே.

எங்கள் பக்கத்தில் சாயப்பட்டறைகள் ஓட ஆரம்பித்து ஐம்பது வருடம் இருக்கும். ஆறு ஒருநாள் நீலமாகப் போகும், மறுநாள் ரத்தமாகப் போகும். எந்த நாட்டு ஆர்டர் ஓடுகிறது என்று பாலத்தில் நின்றே சொல்லிவிடலாம். அந்த ஐம்பது வருடத்தில் எங்கள் ஊரில் இந்தக் குற்றத்துக்குச் சீட்டு வாங்கிய முதல் ஆள் ராக்கியப்பன் என்கிற நான்தான். பட்டறை முதலாளிகள் வாங்கவில்லை. டேங்கர் லாரிக்காரர்கள் வாங்கவில்லை. நான் வாங்கினேன்.

நான் பட்டறையில் ஷேடு பார்க்கிறவன். வாங்குகிறவன் அனுப்பிய துண்டுத் துணியும் நாங்கள் முக்கி எடுத்த துணியும் ஒரே நிறம்தானா என்று சொல்கிற வேலை. பன்னிரண்டு வயதில் மூட்டை தூக்கத்தான் போனேன். பதினெட்டாவது வயதில் ஒருநாள் மாஸ்டர் இரண்டு கறுப்புத் துணியை நீட்டி, "ரெண்டும் ஒண்ணுதானேடா?" என்றார். "இதுல உள்ளுக்குள்ள செவப்பு ஓடுதுங்க" என்றேன். அன்றோடு மூட்டை நின்றது. பிறகு நிறம் அளக்கும் மெஷின் வந்தது. மெஷின் சரி என்ற சரக்கை நான் சரியில்லை என்றேன்; கேளாமல் அனுப்பினார்கள், கப்பலில் திரும்பி வந்தது. படிப்பு கிடையாது எனக்கு. கண் இருந்தது. அந்தக் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் ஆற்றில் விடக்கூடாது என்று கெடுபிடி முற்றிய வருடம், முதலாளிகள் பதினோரு பேர் சேர்ந்து ஆற்றோரம் ஒரு நிலையம் கட்டினார்கள். எல்லாப் பட்டறைத் தண்ணீரும் லாரியில் அங்கே வரும். அகலமான, ஆழமில்லாத மூன்று தொட்டிகள், ஒவ்வொன்றுக்கும் தனி மடை. தண்ணீருக்குள் வலை வலையாக ஏதோ கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதை அமைத்துக்கொடுக்க வந்தவர் சுபாஷிணி மேடம். முப்பது வயதுகூட இருக்காது. எங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்.

"அண்ணா, இந்த வலை கண்ணாடி நூல்ல பின்னினது. இது மேல ஒரு தூள் ஒட்டியிருக்கு. உங்க தலைமுடி ஒண்ண நாலாயிரமாக் கிழிச்சா எவ்வளவு இருக்குமோ, ஒரு துகள் அவ்வளவுதான்."

"இருக்கறதே நாப்பது முடிங்க. அதையும் கிழிக்கறீங்களே."

சிரித்தார். "வெயில் படற வரைக்கும் அது தூங்கும். பட்டா முழிச்சுக்கும். முழிச்சா பசி. பக்கத்துல சாயம் இருந்தா சாயத்தக் கடிக்கும், கிருமி இருந்தா கிருமியக் கடிக்கும்."

"கடிச்சு முழுங்கிருமுங்களா?"

"ஒரே வாயில இல்ல. மொதல்ல பெருசு துண்டாகும். அப்புறம் துண்டையும் கடிக்கும். கடைசியில காத்தும் தண்ணியுமாப் போயிடும். அதுக்கு ஆறு மணி நேரம் நல்ல வெயில் வேணும். ஆறு மணி நேரம். ஞாபகம் வச்சுக்கங்க."

வைத்துக்கொண்டேன். ஞாபகம் இல்லாமல் நான் எதையும் செய்யவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரிஜிஸ்டர் எழுதத் தெரிந்தவனுக்குத்தான் அங்கே வேலை என்றார்கள். நாற்பத்தேழு வயதில் எழுத்துக் கற்றேன். மகள் தமயந்திதான் கையைப் பிடித்து எழுதவைத்தாள். தொட்டி எண், நேரம், நிறம், கையெழுத்து என்று நான்கு கட்டம். நிறம் என்ற கட்டத்தில் எழுதுவதற்காக நான் முதலில் பழகிய சொல் 'வெள்ளை'.

தண்ணீரைப் பார்க்க மீட்டர் இருந்தது. ஆனால் பட்டறைக்காரனுக்குப் பட்டறை வழிதான் வரும். வெளுத்த பனியன் துணியைத் தொட்டியில் முக்கி, பிழிந்து, கம்பியில் காயவிட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று பார்ப்போம். துணியில் கறை ஏறியிருந்தால் தண்ணீரில் சாயம் இருக்கிறது. ஏறாவிட்டால் இல்லை. முப்பது வருடம் கடைசி அலசல் தண்ணீரை அப்படித்தான் பார்த்தோம். அது எங்களை ஒருநாளும் ஏமாற்றியதில்லை. துணிக்கு அது போதும். குடிக்கிறவனுக்குப் போதுமா என்று எங்களில் ஒருவனும் நினைத்துப் பார்க்கவில்லை.

முதல் மாதம் ஆறு மணி நேரம் வைத்தோம். இரண்டாம் மாதம் பட்டறைகளில் பெரிய ஆர்டர். கேட்டுக்கு வெளியே லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. மேனேஜர் லோகநாதன் வேர்த்து விறுவிறுத்துத் தொட்டிக்கரைக்கு வந்தார்.

"ராக்கியப்பா, எந்நேரம் ஆச்சு ஊத்தி?"

"ரெண்டு மணி நேரமுங்க."

"துணிய முக்கு."

முக்கினேன். காயவிட்டேன். பார்த்தேன்.

"உன்ற கண்ணுக்கு எப்படி?"

"வெள்ளைங்க."

"பொய் இல்லியே?"

"என்ற கண்ணு பொய் சொல்லாதுங்க."

"அப்பறம் என்னத்துக்கு நாலு மணி நேரம் சும்மா வெயில் காயுது? தொறந்து உடு."

"மேடம் ஆறு மணி நேரம்னாங்க."

"அந்தப் பொண்ணு பொஸ்தகத்தப் பாத்துச் சொல்லுது. நீ கண்ணால பாத்துச் சொல்ற. நான் யாரக் கேக்கட்டும்?"

அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு இனித்தது என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. மடையைத் திறந்தேன். ரிஜிஸ்டரில் 'வெள்ளை' என்று எழுதினேன். அன்றிலிருந்து தொட்டிக்கு இரண்டு மணி நேரம். மேடம் அதை எதிர்த்து மேலிடத்துக்கு ஏதோ எழுதிக்கொடுத்தார். அடுத்த வாரம் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

சோதனைச் சாலையிலிருந்து தாள் வந்தது. நிறம் இல்லை, நாற்றம் இல்லை, கிருமி இல்லை என்று மூன்று வரி. வேறு எதையும் அவர்கள் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. அந்த வருடம் மழை இல்லை. ஆற்றில் ஓடியது முழுக்க எங்கள் தண்ணீர்தான். கீழே செங்காட்டூர் பஞ்சாயத்து மோட்டார் போட்டு அதை மேல்தொட்டிக்கு ஏற்ற முடிவு செய்தது. மாலை, மைக், சாமியானா. ஆயிரத்து இருநூறு அடி போர் போட்டும் உப்பு வந்த ஊர் அது. முதல் தம்ளரை யார் குடிப்பது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது, லோகநாதன் என்னை முன்னால் தள்ளினார். நான் ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன். கைதட்டினார்கள். அது என் மகளைக் கட்டிக்கொடுத்த ஊர்.

ஆறு கண்ணாடி மாதிரி ஓடியது. ஆனால் ஒரு கொக்குகூட வரவில்லை. லாரி டிரைவர் ஒருவன் சொன்னான், "கொக்குக்கு பில்ட்டர் தண்ணி புடிக்கலியாட்ட இருக்குது." எல்லோரும் சிரித்தோம்.

ஏழாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தமயந்தி போன் செய்தாள். "அப்பா, மித்ரா ஒரு மாதிரி இருக்குதுப்பா. பால் குடிக்க மாட்டேங்குது. அழுகவும் மாட்டேங்குது." மித்ரா என் பேத்தி. ஐந்து மாதம்.

ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பார்த்தேன். உதடும் நகமும் நிறம் மாறியிருந்தன. நீலமும் இல்லை, சாம்பலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. இரண்டு மணி நேர வெயில் படுவதற்கு முன் என் தொட்டியில் கிடக்கும் நிறம். எத்தனையோ கலவையிலிருந்து அந்த ஷேடைத் தனியாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறேன். குழந்தையின் வாயில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

டாக்டரம்மா தமயந்தியிடம் கேட்டார். "பாப்பாக்கு என்ன குடுக்கறீங்க?"

"எனக்குப் பால் பத்தலீங்க. டப்பாப் பால்தான். தண்ணியக் காய்ச்சித்தானுங்க கலக்கறேன்."

"காய்ச்சினா கிருமி சாகும்மா. இது கிருமி இல்ல. ரத்தம் காத்தப் புடிச்சுக்க முடியாமப் பண்ற விஷம். பெரியவங்க உடம்பு கொஞ்ச நாள் தாங்கும். இதுங்க தாங்காது. உங்க ஊர்லருந்து இந்த மாசம் ஏழாவது குழந்தை. ஒண்ணு தங்கல."

பிறகு ஒரு ஊசி கொண்டுவந்தார்கள். உள்ளே இருந்த மருந்தைப் பார்த்து நான் கத்திவிட்டேன்.

"டாக்டரம்மா, அது சாயமுங்க!"

அவர் திரும்பிப் பார்த்தார். "ஆமா, சாயம்தான். மெத்திலீன் நீலம். எப்படித் தெரியும்?"

"சாயத்தையா புள்ளைக்கு ஏத்தறீங்க?"

"இந்த விஷத்துக்கு இதுதான் மருந்து. தள்ளி நில்லுங்க."

நீலம் குழாய் வழியாக மெல்ல இறங்கியது. அரைமணி நேரம் நான் அந்த உதட்டையே பார்த்தேன். ஒவ்வொரு படியாகச் சாம்பல் விலகி, கடைசியில் இளஞ்சிவப்பு வந்தது. வாழ்க்கையில் நான் பார்த்த ஷேடுகளிலேயே அதுதான் சரியாக அமைந்தது. அன்று முழுக்கக் குழந்தை பச்சையாக மூத்திரம் போனது. தமயந்தி பயந்து அழுதாள், பிறகு துணியைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று மேடத்துக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்புறமும் ரெண்டு மணி நேரத்துலயேதான் தொறந்தீங்களா, அண்ணா?"

"வெள்ளையா இருந்துதுங்க."

"ரெண்டு மணி நேரத்துல சாயம் துண்டாத்தான் ஆகும். துண்டுக்கு நிறம் கிடையாது. சில துண்டு முழுச் சாயத்த விட மோசம். முழுச் சாயமாவது கண்ணுக்குத் தெரியும், யாரும் குடிக்க மாட்டாங்க. நிறம்தான் இத்தன வருஷம் அவங்களக் காப்பாத்திச்சு. நாம அத மட்டும் எடுத்துட்டோம்."

'நாம' என்றார். 'நீங்க' என்று சொல்லியிருக்கலாம்.

லோகநாதனிடம் போய்ச் சொன்னேன். "டாக்டர் எழுதிக் குடுத்தாரா, இந்தத் தொட்டித் தண்ணிதான்னு?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்பறம்? ரிஜிஸ்டர எடுத்துப் பாரு. ஏழு மாசமா வெள்ளை வெள்ளைன்னு யாரு கையெழுத்து?"

செங்காட்டூர் போய்க் குழாயடியில் நின்று சொன்னேன். "இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க. புள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க."

குடம் பிடித்துக்கொண்டிருந்த பழனாத்தா நிமிர்ந்து பார்த்தாள். "மொத தம்ளர் குடிச்சது நீதானப்பா?"

"ஆமா."

"செத்தா போயிட்ட?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "சம்பளம் பாக்கி வச்சுட்டாங்களாட்ட, ஊர மெரட்டறான்" என்றான் ஒருவன். பழனாத்தா குடத்தைச் சாய்த்து, தண்ணீரை என் கண் எதிரில் கையில் ஏந்திக் காட்டினாள். "பாரு. கைரேகை தெரியுது. இதுல என்ன இருக்குதுங்கற?"

கண்ணால் பார்த்து நம்பு என்று அந்த ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். கண்ணுக்குத் தெரியாததை எப்படிக் காட்டுவது? மாப்பிள்ளை வீட்டில் அடுத்த வேளைப் பாலுக்குக் கேன் தண்ணீர் வாங்கிவைத்துவிட்டு வந்தேன். மற்ற வீடுகளுக்கு யார் வாங்கிவைப்பார்கள்?

டவுனில் மொத்த மளிகைக் கடைக்குப் போய் நாலு கிலோ கேசரிப் பவுடர் கேட்டேன்.

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏனுங்க, எத்தன கல்யாணமுங்க?"

"ஒரு ஊருக்கே போடோணும்."

பட்டறையில் மூட்டை மூட்டையாகச் சாயம் கிடந்தது. தொடவில்லை. மனிதன் தின்கிற பொருளாக இருக்கவேண்டும் என்று வாங்கினேன். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மடை திறந்தபோது, நான்கு கிலோவையும் வாளியில் கரைத்து, ஆற்றுக்குப் போகும் வாய்க்காலில் சாய்த்தேன். ஆறு பழுத்த ஆரஞ்சாகப் போனது. அரைமணி நேரத்தில் செங்காட்டூர்க் குழாய்களில் அதே நிறம் வந்தது. பழனாத்தா குடத்தைத் தெருவில் கொட்டினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆறு மாதமாக நான் செய்த பாவத்தை நிறுத்த அரைமணி நேரம் போதுமாக இருந்தது.

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. ஐம்பது வருடமாக வழி தெரியாதவர்கள் அன்று குறுக்குச் சாலையில் வந்தார்கள். என் இரண்டு கையும் முழங்கை வரை ஆரஞ்சு.

"என்னய்யா கலந்த?"

"கேசரிப் பவுடருங்க."

"எது?"

"அல்வாவுக்குப் போடறதுங்க. இந்தத் தொட்டித் தண்ணியையும் ஒரு பாட்டில்ல புடிங்க, சார். அதுலதான் விஷம்."

அதிகாரி தொட்டியை எட்டிப் பார்த்தார். "இது சுத்தமாத்தானே இருக்குது" என்றார். வாய்க்காலில் மட்டும் பாட்டில் பிடித்துக்கொண்டு போனார். 'செயற்கை நிறமி கண்டறியப்பட்டது' என்று அறிக்கை வந்தது. ஊர் மேல்தொட்டியைக் கழுவிய செலவு, லாரித் தண்ணீர் செலவு எல்லாம் சேர்த்துத்தான் அந்த முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது.

கட்ட வழியில்லை. வேலையும் போயிற்று. கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது லோகநாதன் என் வீட்டுக்கே வந்தார். கூடவே மாப்பிள்ளை தினகரன். தலையைக் குனிந்துகொண்டே நின்றான்.

லோகநாதன் ஒரு தாளை எடுத்து வைத்தார். "கம்பெனியே உன்ற அபராதத்தக் கட்டிரும். ஏழு வீட்டுக்கும் வைத்தியச் செலவும் குடுத்துரும். நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். நேரம் ஆகும். அவர்கள் காத்திருந்தார்கள். 'மேற்படி ராக்கியப்பன் ஆற்று நீரில் நிறமி கலந்ததன் விளைவாகச் செங்காட்டூர்க் குழந்தைகளுக்கு உடல்நலக் குறைவு ஏற்பட்டது' என்று இருந்தது.

"மாப்ளே, மித்ராவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது என்னிக்கு?"

"செவ்வாக்கெழமைங்க, மாமா."

"நான் பவுடர் கரைச்சது?"

"வெள்ளிக்கெழமை."

"அப்பறம் எப்படிடா?"

தினகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "தெரியுமுங்க, மாமா. எல்லாருக்கும் தெரியும். ஆறு மாசம் புள்ளைக்கு ரத்தம் பாக்கோணும்ங்கறாங்க. என்ற கிட்ட என்ன இருக்குது? அந்தச் செத்துப்போன புள்ளையோட அப்பன்கூடப் போட்டுட்டானுங்க. உங்க கையெழுத்து இல்லாம யாருக்கும் பைசா வராதுங்கறாங்க."

தாளை லோகநாதன் பக்கம் தள்ளினேன். "ஒண்ணு எழுதுங்க, போடறேன்" என்றேன். "இனிமே தண்ணிக்கு ஆறு மணி நேரம் வெயில் காட்டித்தான் மடை தொறப்போம்னு எழுதுங்க."

லோகநாதன் சிரித்தார். "எழுத்துக் கத்துக்கிட்டதும் பேப்பரே கேக்கறான் பாரு." ஆனாலும் பேனாவை எடுத்தார். தாளின் அடியில் 'தினமும் ஆறு மணி நேரம் வெயிலில் வைக்கப்படும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் இரண்டு முறை படித்தேன். ஆறு என்றுதான் இருந்தது. என் பெயருக்குப் பழி. ஊருக்கு நல்ல தண்ணீர். பேரம் மோசமில்லை என்று நினைத்தேன். முழுப் பெயரையும் எழுதினேன்.

பத்து நாள் கழித்து, அபராதம் கட்டிய ரசீதை வாங்கிப்போகும்படி சொல்லிவிட்டார்கள். நிலையத்துக்குப் போனபோது பகல் பன்னிரண்டு. வாட்ச்மேன் என்னைத் தடுக்கவில்லை. என் இடத்தில் பரமன் என்று ஒரு புதுப் பையன் நின்றிருந்தான். கையில் வெள்ளைப் பனியன் துணி. அவன் மடையைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

"எந்நேரம்டா ஊத்துனது?"

"பத்து மணிக்குங்கண்ணா."

"ஆறு மணி நேரம்னு எழுதிக் குடுத்திருக்காங்களே!"

"ஆமாங்கண்ணா, ரிஜிஸ்டர்லயும் அப்படித்தான்." அவன் விரலால் தொட்டிகளைக் காட்டினான். "மூணு தொட்டிங்க. தொட்டிக்கு ரெண்டு மணி நேரம். கூட்டினா ஆறுதானுங்களே? மேனேஜர் சொன்னாருங்க."

அவன் முகத்தில் கள்ளம் இல்லை. துணியை விரித்துக் காட்டினான். வெள்ளையாக இருந்தது.

ஆபீஸ் ஜன்னல் வழியாக லோகநாதன் ரசீதை நீட்டினார். பணம் வரப்பெற்றது, வழக்கு முடிக்கப்பட்டது, நிலுவை ஏதும் இல்லை என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். கீழே வட்ட முத்திரை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினேன். செங்காட்டூர்ப் பக்கம், ஊருக்குக் குடிதண்ணீர் ஏற்றும் மோட்டார் மறுபடி ஓடத் தொடங்குகிற சத்தம் கேட்டது.